இரட்சிப்பின் நிச்சயம்: தேடக் கூடாத இடங்கள்

தேவன் என்னை மன்னித்து ஏற்றுக்கொண்டார் என்ற உறுதியே இரட்சிப்பின் நிச்சயம். அதைத் தவறான இடங்களில் தேடுகிறவர்கள் பலர். மே மாதம் வந்தால் கொடைக்கானலில் சபை முகாம்கள். கடைசி இரவு, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றதும் போன வருடம் உயர்ந்த கைகளே மறுபடி உயரும். மனந்திரும்புதல் தினமும் வேண்டியதுதான். ஆனால் 'போன தடவை சரியாக ஜெபித்தேனா' என்ற சந்தேகத்தில் அதே ஜெபத்தைத் திரும்பச் சொல்பவர், கிறிஸ்துவை விட்டுவிட்டுத் தன் ஜெபத்தை நம்பத் தொடங்குகிறார். அடுத்த மே வரைகூட அது தாங்காது.

இரட்சிக்கப்பட்ட தேதி தெரியவில்லையே என்ற கலக்கமும் வேண்டாம். ஓய்வுநாள் பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளைக்கு நாள், நேரம் சொல்லத் தெரியாதது இயல்பு. இரட்சிக்கப்பட்ட கதையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டங்கள்தான் இந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்கின. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் தேதி இருந்தது: 1738 மே 24, இரவு சுமார் 8.45. அவரே 1739 ஜனவரியில் 'நான் கிறிஸ்தவன் அல்ல' என்று எழுதினார்.

பாடல் வேளையில் கண்ணீர் வந்தால் நிச்சயம், வராவிட்டால் பயம் என்பது இன்னொன்று. உணர்வு மேகம் போன்றது. மேகம் இறங்கினால் கொடைக்கானலின் சுமார் 400 அடி உயரத் தூண் பாறையே கண்முன் மறைந்துவிடும். சுற்றுலா வந்தவர் ஏமாந்து திரும்புவார். பாறை அங்கேயேதான் நிற்கிறது. ஒன்று மட்டும்: மன்னிப்பில்லாத பாவம் செய்துவிட்டேன் என்று வாரக்கணக்கில் தூங்காமல் தவிப்பவரைப் போதகரிடம் மட்டுமல்ல, மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

யோவான் 5:24-ஐ நிதானமாக வாசியுங்கள். விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் 'உண்டு' என்றிருக்கிறது, 'கிடைக்கும்' என்றில்லை. அடுத்து யோவானின் முதல் நிருபம் (கடிதம்): 5 அதிகாரம், 105 வசனம், அரை மணி நேரத்துக்குள் முடியும். 'அறிந்திருக்கிறோம்', 'அறிகிறோம்' என்று வருமிடமெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். அவற்றைச் சுற்றி மூன்று கேள்விகள் தெரியும்: இயேசுவே கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேனா, அவர் கற்பனைகளை (கட்டளைகளை) கைக்கொள்கிறேனா, சகோதரனிடத்தில் அன்பு உண்டா?

இதைப் பரீட்சையாக்கி மதிப்பெண் போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. பாவமில்லை என்பவன் தன்னையே வஞ்சிக்கிறான் என்று அதே நிருபத்தின் 1:8 முதலிலேயே சொல்லிவிடுகிறது. அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்பது அடுத்த வசனம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. திடப்படுத்தல் (சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, அது போதும் என்பார் ஒருவர்; பூண்டுத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்த் தகராறில் அண்ணனிடம் பேசி இரண்டு வருடமாகியிருக்கும். அவருக்கு 3:18, 19-ஐக் காட்டுங்கள். கிரியையினால் அன்புகூருவதாலேயே இருதயத்தை தேவனுக்கு முன்பாக நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்கிறது அது. அவர் முதலில் போக வேண்டியது அண்ணன் வீட்டுக்கு.