நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும்போது: 21 நாள் சுற்றை எப்படிக் கடப்பது

நுரையீரல் புற்றுநோய்க்கான கீமோ பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒரு சுற்றாக, நான்கு முதல் ஆறு சுற்றுகள் வரை தரப்படுகிறது. மருந்து ஏறும் நாளை 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வாருங்கள். தொல்லைகள் கண்டபடி வருவதில்லை. முதல் ஐந்து நாள் குமட்டல். ஏறக்குறைய 7 முதல் 14 வரை ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், கிருமித்தொற்று எளிதில் பிடிக்கும். மூன்றாம் வாரம் உடம்பு தேறும். வாராவாரம் ஊசி போடும் முறைகளில் இந்தக் கணக்கு மாறும் என்பதால், உங்கள் மருந்துக்கு எந்த நாட்கள் ஆபத்தானவை என்று முதல் சுற்றிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வேண்டும். தினமும் சுற்றின் நாள், உடல் வெப்பம், வாந்தி பேதி எத்தனை முறை, மூச்சு எப்படி என்று நான்கு வரி போதும். எடையை வாரம் இருமுறை பாருங்கள். மூச்சுக்கு ஒரு நிலையான அளவுகோல் வையுங்கள்: கட்டிலிலிருந்து வாசல்வரை நிற்காமல் நடக்க முடிகிறதா, எத்தனை படி ஏறியதும் நிற்க வேண்டியிருக்கிறது. இந்த நோயில் இருமலும் மூச்சிரைப்பும் முன்பே இருப்பவை. அதனால் புதிதாக வந்த ஆபத்து பழைய தொல்லைக்குள் ஒளிந்துகொள்ளும். உங்களுடைய வழக்கமான நிலை எழுத்தில் இருந்தால்தான் மாற்றம் கண்ணில் படும்.

முதல் ஊசிக்கு முன்னால்

பெமட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்து தரப்போகிறார்கள் என்றால் வைட்டமின்களை முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஃபோலிக் அமிலம் தினமும், பொதுவாக 400 மைக்ரோகிராம், முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து, கடைசி ஊசிக்குப் பின் 21 நாள் வரை. பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் முதல் கீமோ ஊசிக்கு முந்தைய வாரத்தில் ஒன்று, பிறகு மூன்று சுற்றுக்கு ஒன்று. இவற்றை விட்டுவிட்டால் வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவும் கடுமையாகும். சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். தோல் தடிப்பைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை ஊசிக்கு முந்தைய நாள், ஊசி நாள், மறுநாள் என மூன்று நாள் தருவார்கள். இது ஸ்டீராய்டு, ஆகவே சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நாட்களில் சர்க்கரை ஏறும். என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று முன்பே கேட்டுவையுங்கள்.

நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும், மூலிகைப் பொடி வரை, பட்டியலிட்டுக் காட்டுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக எடுக்காதீர்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்கெனவே சிறுநீரகத்துக்குச் சுமை, பெமட்ரெக்ஸெட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சொத்தைப் பல் இருந்தால் முதல் சுற்றுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கீமோ காலத்தில் கூடாது.

ஊசி ஏறும்போது கை எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே நர்ஸிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். பேக்ளிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து தொடங்கிய முதல் சில நிமிடங்களில் முகம் சிவத்தல், நெஞ்சு இறுக்கம், அரிப்பு வந்தால் அது ஒவ்வாமை. பொறுத்துப் பார்க்காதீர்கள்.

1 முதல் 5 வரை: குமட்டல்

வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்தபின் எடுப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. எழுதித்தந்த நாட்களுக்கு, நன்றாக இருந்தாலும், நேரம் தவறாமல் எடுங்கள். சிஸ்பிளாட்டினில் முதல் நாள் ஒன்றுமே இல்லாமல் இருந்து இரண்டாம் மூன்றாம் நாளில் கடுமையாகப் பிடிக்கும். வாந்திக்காகத் தரும் டெக்ஸாமெத்தசோனைக் காலையில், சாப்பிட்டபின் எடுங்கள். மாலையில் எடுத்தால் தூக்கம் போய்விடும். வாந்தியைத் தடுக்கத் தரும் ஓலான்ஸபின் தூக்கம் தரும், அதை இரவில் எடுப்பார்கள். ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கலை உண்டாக்கும். அது எடுக்கும் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டுமா என்று கேளுங்கள். மூன்று நாள் மலம் போகாமல் வயிறு உப்பினால், குமட்டல் கீமோவால் வந்ததா மலச்சிக்கலால் வந்ததா என்றே தெரியாமல் போகும்.

வயிற்றைக் காலியாக விடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு, அதனால் உள்ளே இறங்கும். உங்களுக்கு மிகவும் பிடித்த உணவை இந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள். குமட்டலோடு சேர்த்துச் சாப்பிட்டது பிறகு பல மாதம் பிடிக்காமல் போய்விடும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லையென்றால் ஒரு நாளைக்கு 2 லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். குடித்த தண்ணீரும் தங்காமல் ஒரு நாள் கடந்தாலோ, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளானாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிஸ்பிளாட்டினுக்குப் பிறகு உடல் வறண்டால் சிறுநீரகம் கெடும்.

7 முதல் 14 வரை: காய்ச்சல்

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். இந்த எண்ணைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும், உடனே மருத்துவமனைக்குப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவால் உயிர் போயிருக்கிறது. வெள்ளை அணுக்களில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில்கள் இந்த நாட்களில் மிகக் குறைந்திருக்கும். சீழோ, சளியோ, வீக்கமோ தெரியாமலே தொற்று ரத்தத்தில் பரவும். காய்ச்சல் ஒன்றே வெளியே தெரியும் அடையாளமாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் ஊசி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததுமே, "கீமோ எடுத்துப் பத்தாம் நாள், காய்ச்சல்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வரிசையில் உட்காராதீர்கள்.

இந்த நோயில் காய்ச்சலை மறைக்கும் காரணங்கள் இரண்டு உண்டு. நெஞ்சு வலிக்காகப் பலர் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அது வெப்பத்தைக் குறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாத்திரைக்கு முன்பும் வெப்பம் பாருங்கள். ஸ்டீராய்டும் அப்படியே. அதனால் காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம், திடீர்ச் சோர்வு, குழப்பமான பேச்சு வந்தாலும் அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் காட்டுவதைவிட அரை டிகிரி செல்சியஸ் அளவு குறைவாகக் காட்டலாம். சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்திருந்தால் 15 நிமிடம் கழித்து வாயில் வையுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர், எனிமா இரண்டும் கூடாது.

வீட்டாரிடமிருந்து ஒதுங்கி ஓர் அறையில் அடைந்து கிடக்கத் தேவையில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவுவதே பெரிய காப்பு. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் விலகியிருக்கட்டும். பச்சை முட்டை, வேகாத இறைச்சி, காய்ச்சாத பால் வேண்டாம். நன்றாகக் கழுவிய பழம் சாப்பிடலாம்.

ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களும் இந்த நாட்களில்தான் குறையும், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தில் குறிப்பாக. மென்மையான பிரஷ், எலக்ட்ரிக் ஷேவர். மூக்கில் ரத்தம் வந்தால் முன்னால் குனிந்து மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். சளியில் கோடாக ரத்தம் தெரிந்தால் அன்றே சொல்லுங்கள். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வந்தால் அவசரம்.

மூச்சு

மூச்சு வாங்கும்போது வேகமாக இழுக்கத் தோன்றும். அது நுரையீரலில் பழைய காற்றைத் தேக்கி இன்னும் திணறவைக்கும். உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளை மேசையிலோ தொடையிலோ ஊன்றுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஒரு சின்ன மின்விசிறியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து மூக்கும் மேலுதடும் படும்படி காற்றடித்தால் திணறல் தணியும். முகத்தின் நரம்புகள் குளிர்ந்த காற்றை உணர்வதால் மூளைக்குப் போகும் மூச்சுமுட்டல் உணர்வு குறைகிறது. குளிக்கும்போது நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். படி ஏறும்போது மூச்சை விட்டபடி காலை எடுத்துவையுங்கள். இவ்வளவுக்கும் தீராத மூச்சிரைப்புக்குச் சிறிய அளவு மார்ஃபின் உதவும். மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் அது மூச்சை நிறுத்தாது. அந்தப் பயத்தில் தேவையில்லாமல் தவிக்கிறவர்களைப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

மூச்சு மோசமாவதற்குக் கீமோவில் பல காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. சில நாட்களில் படிப்படியாகக் கூடி, வெளிறிப்போனால் ரத்தசோகை. படுத்தால் அதிகமாகி ஒரு பக்கம் கனத்தால் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம், ஊசி வைத்து நீரை எடுத்தால் பெரும்பாலும் சட்டென நிம்மதி. திடீரெனத் திணறி, மூச்சிழுத்தால் நெஞ்சில் குத்தி, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். இது அவசரம். கீமோவுடன், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்தும் எடுப்பவருக்கு வறட்டு இருமல் கூடினால் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அதை ஆன்டிபயாட்டிக்கால் மட்டும் தீர்க்க முடியாது, ஸ்டீராய்டு வேண்டும். இம்யூனோதெரபியின் பக்கவிளைவு மாதங்கள் கழித்தும், நிறுத்தியபின்னும் வரும். பேதிக்கும் இதே எச்சரிக்கை: இம்யூனோதெரபி எடுப்பவர் பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தால் அந்த அறையில் பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. மூக்கு வறண்டால் பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள், அது தீப்பிடிக்கும். நீர் சார்ந்த களிம்பு போதும். புகையை இப்போது விட்டாலும் பயன் உண்டு. சிகிச்சையைத் தாங்கும் சக்தி கூடும், தொற்று குறையும்.

வாய், கை கால், எடை

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு. சாப்பிட்டபின்னும் படுக்கும் முன்பும் கொப்பளிக்க வேண்டும், புண் வருமுன்பே. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். நாக்கில் உலோகச் சுவை அடித்தால் உலோகக் கரண்டியை மாற்றிப்பாருங்கள்.

பேக்ளிடாக்ஸெல், சிஸ்பிளாட்டின் இரண்டும் விரல் நுனிகளை மரத்துப்போக வைக்கும். சட்டைப் பட்டன் போட முடியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லியாக வேண்டும். சிஸ்பிளாட்டினில் காதில் இரைச்சல் கேட்டாலும் அப்படியே. கேட்கும் திறன் போனால் திரும்பாது. மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று மறைப்பது உங்களுக்கே நட்டம். அளவை மாற்றவும் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது.

எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ குறைந்தால் காத்திருக்காமல் சொல்லுங்கள். கிலோ எடைக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். முட்டை, மீன், பால், தயிர், பருப்பு எதிலிருந்தும் வரலாம். பசி காலையில்தான் நன்றாக இருக்கும், பெரிய சாப்பாட்டை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். களைப்பு ஓய்வால் மட்டும் தீராது. தேறும் வாரத்தில் தினமும் 10 நிமிட நடையில் தொடங்குங்கள்.

வீட்டாருக்கு: ஊசிக்குப் பின் 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர், மலத்தைக் கையுறையில்லாமல் தொடாதீர்கள். கழிப்பறையை மூடிவிட்டு இருமுறை தண்ணீர் விடுங்கள். நனைந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

தாமதிக்காமல் போக வேண்டிய இன்னும் மூன்று: காலையில் எழும்போது முகமும் கழுத்தும் வீங்கி, கழுத்து ரத்தக்குழாய்கள் புடைத்திருத்தல்; புதிய முதுகுவலியோடு கால் பலவீனம் அல்லது சிறுநீர் அடைப்பு; வலிப்பு அல்லது வாந்தியோடு வரும் புதிய தலைவலி.

வலி, மூச்சிரைப்பு போன்ற தொல்லைகளைத் தணிக்கும் வலித்தணிப்புப் பிரிவு என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் செய்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் தெரிந்த உடனேயே வழக்கமான சிகிச்சையோடு அந்தப் பிரிவையும் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 11.6 மாதம், பார்க்காதவர்களுக்கு 8.9. முதல் சுற்றிலேயே அந்தப் பிரிவுக்கு எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.