பி.பிளான் (நகரத் திட்டமிடல் இளநிலைப் பட்டப்படிப்பு) முதல் வருடம்: ஒரு தெருவின் நிலப்பயன்பாட்டு சர்வே செய்வது எப்படி?

எந்தக் கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்று நடந்து பார்த்துக் குறிப்பதுதான் நிலப்பயன்பாட்டு சர்வே. கூகுள் மேப்ஸைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே வண்ணம் அடித்துவிடாதீர்கள். தெருவில் நடக்காமல் நகரத் திட்டமிடல் கைக்கு வராது.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை எடுத்துக்கொள்வோம்.

1. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, 1:500 அளவில் ஏ3 தாளில் பிரிண்ட் எடுங்கள். 1 செ.மீ. என்பது தரையில் 5 மீட்டர்; ஒரு தாளில் சுமார் 200 மீட்டர் அடங்கும். விடுபட்ட கட்டடங்களை நடக்கும்போது பென்சிலால் சேருங்கள்.

2. வீட்டுக்கு 'வீ', கடைக்கு 'க', பள்ளி, கோயில் போன்றவற்றுக்கு 'பொ' என்று சுருக்கக் குறிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

3. மாடிவாரியாகக் குறியுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கீழே பாத்திரக்கடை, முதல் மாடியில் டியூஷன் சென்டர், அதற்கு மேல் ஒரு குடும்பம் என்று இருக்கும். மொத்தத்தையும் 'க' என்று எழுதினால் அந்தக் குடும்பம் வரைபடத்திலேயே இருக்காது. நாளைக்கு அந்த வரைபடத்தை வைத்துத்தான் தண்ணீர்த் தேவையைக் கணக்குப் போடுவார்கள். நிமிர்ந்து பாருங்கள்: கொடியில் துணி காய்கிறதா? படிக்கட்டடியில் எத்தனை மின் மீட்டர்கள்? அப்படியும் தெரியவில்லையா, கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, "அண்ணா, காலேஜ் புராஜெக்ட்டுக்கு வந்திருக்கோம், மாடியில குடி இருக்காங்களா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

4. சாலையோரக் காய்கறிக் கடைகளுக்குக் கட்டடம் கிடையாது என்பதால் பல மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது இவர்களைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய், ஒவ்வொரு கடைக்கும் ஒரு புள்ளி வையுங்கள்; இரு வேளைக்கும் வேறு வேறு நிறம்.

5. அப்புறம் வண்ணம். நம் நாட்டு வழக்கப்படி குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், பொதுப் பயன்பாடு சிவப்பு, தொழிற்சாலை ஊதா, பூங்கா பச்சை. தரைத்தளத்துக்கும் மாடிகளுக்கும் தனித்தனித் தாள் போடுங்கள்.

6. கடைசியாக, 2008-ல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். எந்த மனையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அது சொல்லும். 2026-ஐ இலக்காக வைத்துப் போட்ட திட்டம் அது. மனையில் அனுமதித்த பயன்பாடும் நீங்கள் பார்த்ததும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் காரணத்தை இரண்டு வரியில் எழுதி, வரைபடத்தோடு சேர்த்து ஸ்டூடியோவில் (செய்முறை வகுப்பில்) காட்டுங்கள்.