தெருமுனைக் கள்ளுக்கடையின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

சென்னை ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு தெருமுனையில் நின்று "இங்க முன்னாடி இன்னா கடை இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "கள்ளுக்கடை. எங்க நைனாவோட நைனா காலத்துலேர்ந்து" என்பார்கள். கடை இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இடைவெளி இல்லாமல் நூறு வருடம் உரிமத்தோடு நடந்த கள்ளுக்கடை இந்த ஊரில் இருக்க வழியில்லை, சட்டம் விடவில்லை. அதனால் கடையைத் துரத்தாமல் முனையைத் துரத்துங்கள். மனை ஒருவருடையது, கட்டடத்தின் வாடகை இன்னொருவர் பெயரில், உரிமம் மூன்றாவது ஆளிடம். மூன்றையும் ஒரே "முதலாளி" ஆக்கிவிடுவதுதான் பெரும்பாலான ஊர்க் கதைகளில் நடக்கும் முதல் தப்பு.

வேலையைத் தொடங்குமுன் ஒரு தாளில் நெடுக்காகக் கோடு போட்டு இந்த ஆண்டுகளைக் குறியுங்கள். 1886இல் சென்னை அப்காரிச் சட்டம், அதாவது கள், சாராயம் போன்றவற்றுக்கான உரிம, வரிச் சட்டம். அதன் கீழ் சில்லறை விற்பனை உரிமம் ஏலத்தில் போனது. ஏலம் மாறினால் கடைக்காரரும் மாறுவார். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. சென்னைக்கு அது அன்று வரவில்லை. மாகாணம் முழுவதும் மூடியது 1948 அக்டோபர் 2இல், ஓமந்தூரார் ஆட்சியில். 1971 ஆகஸ்ட் 30இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974இல் திரும்ப மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை, இன்றுவரை நீங்கவில்லை. 1990இல் மலிவு விலை மது வந்தது, 1991இல் போனது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். இனி யார் எந்த ஆண்டைச் சொன்னாலும் இந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள். "1955இல் அங்கே கள்ளு குடித்தேன்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அது திருட்டுத்தனமாக விற்றதாக இருக்கும், அல்லது ஆண்டு தவறியிருக்கும். எது என்று அடுத்த கேள்வியில் தெளிய வேண்டும்.

அடுத்தது முகவரி. சென்னையில் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு இருக்கும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். தெருப் பெயரும் மாறியிருக்கும்: சாதிப் பின்னொட்டு வெட்டப்பட்ட தெருக்களைப் பழைய பெயரில்தான் தேட வேண்டும். ஜார்ஜ் டவுன் பக்கம் என்றால் 1906க்கு முந்தைய ஆவணங்களில் அது 'பிளாக் டவுன்'. இவை எல்லாவற்றையும்விட உறுதியான பிடி சர்வே எண். பழைய சென்னைப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் ஓ.எஸ். எண் (பழைய சர்வே), ஆர்.எஸ். எண் (மறு சர்வே), சி.சி. எண் (கலெக்டர் சான்று) என்று வரிசையாக வரும். வீட்டுக்காரரிடம் பத்திர நகலைக் கேட்டு அந்த வரியை மட்டும் எழுதிக்கொண்டால் போதும்.

பிறகு சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று 1975 முதல் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு விண்ணப்பம் கொடுத்துக் கையெழுத்துக் குறிப்பேட்டில் தேடச் சொல்ல வேண்டும். ஆள் பெயர் வாரியாக ஒரு அட்டவணை, சொத்து வாரியாக ஒன்று என இரண்டு உண்டு, இரண்டுக்கும் கேளுங்கள். இங்கே பலர் ஏமாந்து திரும்புவார்கள், ஏனென்றால் வில்லங்கத்தில் கள்ளுக்கடையே வராது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதிய வேண்டும். பதினோரு மாத வாடகைக்குக் கடை விட்டிருந்தால் பதிவேட்டில் தடமே இருக்காது. அங்கே கிடைப்பது மனைக்காரரின் பெயர். அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனால் வாடகைச் சீட்டு கிடைக்கலாம்.

உரிமத்தின் தடம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். ஆய்வாளர் அனுமதிக்கு விண்ணப்பித்து, ரெவின்யூ போர்டில் அப்காரி வருவாயைக் கவனித்த 'செபரேட் ரெவின்யூ' கிளையின் நடவடிக்கைகளையும் அப்காரி நிர்வாக ஆண்டறிக்கைகளையும் கேளுங்கள். பசலி ஆண்டு (வருவாய்த் துறையின் ஜூலை–ஜூன் கணக்காண்டு) போட்ட காகிதம் வந்தால் 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. தொகைகள் ரூபாய், அணா, பை என்று இருக்கும். பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா. 1957 ஏப்ரலில் வந்த நயா பைசாவோடு இதைக் குழப்பினால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். 2003க்குப் பிறகான டாஸ்மாக் கடை எந்த நாளில் அந்த முனைக்கு வந்தது, எப்போது எடுக்கப்பட்டது என்பதற்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கடை எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

பழைய பொருள்களும் பேசும், ஆனால் கவனமாகக் கேட்க வேண்டும். பில்லிலோ பலகையிலோ 600013 என்று இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது, ஏனென்றால் ஆறு இலக்கப் பின்கோடு அப்போதுதான் வந்தது. வெறும் '13' மட்டும் இருந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள். ராயபுரத்துக்காரர்கள் இன்றும் அப்படி எழுதுகிறார்கள். காகிதத்தில் 'யு.பி.' (அண்டர் புரூஃப்) என்று கண்டால் அது சரக்கின் வலிமை. பழைய பிரிட்டிஷ் அளவில் நூறு புரூஃப் என்பது சுமார் 57.1 சதவீதம் ஆல்கஹால், 25 யு.பி. அதிலிருந்து கால்பங்கு குறைவு, அதாவது 42.8. இன்றைய குவார்ட்டர் பாட்டிலில் இருப்பதும் அதே எண்தான்.

ஆள்களிடம் பேசுவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். குடித்தவர்களை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் வரும். வாசலில் சுண்டலும் வறுத்த மீனும் விற்ற ஆயா, சம்பள நாளில் வீட்டுக்காரரைத் தேடி முனைவரை வந்து நின்ற பெண்கள், எதிர் டீக்கடைக்காரர், இவர்களிடம் போங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. "ஒரு கிளாஸ் எவ்வளவு?", "பி அண்ட் சி மில் அப்போ ஓடிச்சா?" என்று கேளுங்கள், பெரம்பூரில் இருந்த அந்தத் துணி மில் 1996இல் மூடியது. "கள்ளு எந்தத் தோப்புலேர்ந்து வந்துச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்பதும் நல்ல கேள்வி. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பாளைச் சாறு சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகும், பொழுது சாயச் சாயப் புளிப்பு ஏறும். அதனால் உள்ளே நின்று ஊற்றியவருக்கு வண்டி வந்த நேரம் மறக்காது. கேள்விப்பட்டதை மட்டும் சொல்பவர் அங்கே தடுமாறுவார்.

1948க்கும் 1971க்கும் இடையே மறைவாக விற்றவர்களின் பெயர் உங்களிடம் வந்து சேரும். பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள். பெயரை உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது "முனை வீட்டில்" என்று எழுதினால் போதும். எழுதி முடித்ததை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த முனைக்கே எடுத்துப்போய், பேசியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். "அது அந்தப் பக்கத்து முனை" என்று யாராவது திருத்துவார்கள். சர்வே எண்ணை அன்றைக்கே மறுபடி சரிபாருங்கள்.