முளைப்பாரி போட்ட மிச்ச விதையை வீணாக்காதீர்கள்

எங்கள் திருமங்கலம் பக்கம் முளைப்பாரி இல்லாமல் அம்மன் கோயில் பொங்கல் கிடையாது. சாமிக்காகப் போடுவதுதான். ஆனால் ஊரே கூடி விதையையும் மண்ணையும் கவனிக்க இதைவிட நல்ல சமயம் வராது.

முதலில் வீடு வீடாகப் போய் விதை கேளுங்கள். ஒரு தெருவையும் விடக்கூடாது. பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, உளுந்து, சோளம், கம்பு என்று எது கொடுத்தாலும் தனித்தனிப் பையில் வாங்குங்கள். சாயம் ஏற்றிய கடை விதை மட்டும் வேண்டாம், அது மருந்து கலந்தது.

அடியில் ஓட்டை போட்ட அகலமான மண்சட்டியில் நறுக்கிய வைக்கோல், அதன்மேல் மண், அதற்கும் மேலே பொடித்த காய்ந்த எரு. எங்கள் கரிசல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேரை அழுக வைக்கும். பாதிக்குப் பாதி செம்மண் கலந்துவிடுவோம். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ராத்திரி ஊறிய விதையை நெருக்கமாகத் தூவுங்கள். பயறு விறுவிறுவென்று ஏறும், சோளமும் கம்பும் மெதுவாகத்தான் வரும். அதனால் பயறு நடுவில், சோளம் ஓரத்தில். எட்டாம் நாள் கோபுரம் மாதிரி நிற்கும். இருட்டறையில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். வெளிச்சம் படாததால்தான் அந்த வெளிர்மஞ்சள் நிறம். சாயங்காலம் கும்மி கொட்ட வருகிறவர்கள் எந்த வீட்டு விதை முளைக்கவில்லை என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள், அந்த வீட்டார் வயலில் விதைப்பதற்கு முன்பே விதையை மாற்றிக்கொள்வார்கள். மண்ணின் சத்து இதில் தெரியாது. எட்டு நாளும் பயிர் விதைக்குள் இருப்பதைத் தின்றுதான் வளர்கிறது.

சட்டிக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை அடிக்கும் வேலை பிள்ளைகளுடையது. ஜிகினா, தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். கண்மாயில் கரைப்பது வண்டலோடு சேர்ந்து நம் வயலுக்கே திரும்பி வரும்.

அப்புறம் மிச்ச விதை. எப்போதும் நிறையவே மிஞ்சும். அதோடு எள், கொள்ளு, பசுந்தாள் உரப் பயிர்களான சணப்பை, தக்கைப்பூண்டு சேர்த்து, மழை கிடைத்ததும் ஊர்ப் பொதுவில் ஒரு துண்டு நிலத்தில் விதையுங்கள். மண்ணை வளமாக்க இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன பல தானிய விதைப்பு இதுதான். ஒரு மாதம் கழித்துத் தட்டைப்பயறு ஒன்றை வேர் அறாமல் தோண்டி எடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். காய்க்க விட்டால் சத்தில் பெரும்பகுதி காய்க்குப் போய்விடும், தண்டும் முற்றி மக்க நாளாகும்.