மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு மழைக்கால முன்னேற்பாடு

வெள்ளம் என்றால் சென்னை, புயல் என்றால் கடலூர். பாலாற்றில் மணலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வளர்ந்த எங்களுக்கு அப்படித்தான் நினைப்பு. 1903-ல் வாணியம்பாடியைச் சுருட்டிக்கொண்டு போனது இதே ஆறுதான் என்று தாத்தா சொன்னால் சிரிப்போம். 2021 நவம்பரில் அது இரு கரையும் தொட்டு ஓடியது. விருதம்பட்டில் எங்கள் வீட்டில் கரண்ட் போய், அப்பாவின் பிரஷர் மாத்திரையை அரைமணி நேரம் தேடினோம். டார்ச் இருந்தது. உள்ளே பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்திருந்தது.

அதனால் முதல் வேலை கடைக்குப் போவது இல்லை. ஒரு ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மெயின் சுவிட்சை அணையுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், தடுக்கி விழப்போகிறார்கள். செல்போன் வெளிச்சம் இல்லாமல் பத்து நிமிடத்தில் டார்ச், மாத்திரை, ரேஷன் அட்டை மூன்றையும் எடுக்க வேண்டும். எது கிடைக்கவில்லையோ அதை எழுதி வையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்பதே வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பை. பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பை போதும். பரணில் போடாதீர்கள், வாசல் ஆணியில் மாட்டுங்கள். உள்ளே டார்ச் (பேட்டரியைக் கழற்றித் தனிக் கவரில்), பவர் பேங்க், ஒரு வார மாத்திரையும் மருந்துச் சீட்டும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம். டவர் இல்லாத அன்று ஜிபே வேலைக்கு ஆகாது. ஆதார், பட்டா, பாஸ்புக் நகல்களை ஜிப் கவரில் போடுங்கள், டிஜிலாக்கரிலும் ஏற்றி வையுங்கள். ரேஷன் அட்டையை மறக்கவே கூடாது: 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள். 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மின்வாரியத்தின் 94987 94987 எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிப் போடுங்கள். போன் செத்துவிட்டால் மனப்பாடமாக நமக்கு எத்தனை நம்பர் தெரியும்?

தண்ணீர் சுலபம். குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது இரண்டு கேன். சம்பில் வெள்ளம் புகுந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள்.

அப்புறம் கேஸ். சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் B-27 மாதிரி ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய காலம் அது. A என்றால் ஜனவரி முதல் மார்ச், B என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி D வரை, எண் வருடம். அந்தக் காலம் தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்த பிறகு 1906-க்கு அழையுங்கள். மழையில் நனைகிறதே என்று மின் ஸ்கூட்டரை உள்ளே இழுத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடும் வழக்கமும் வேண்டாம். 2022 மார்ச்சில் நம் ஊரிலேயே அப்படி ஒன்று தீப்பிடித்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள்.

கடைசியாகச் சுவர். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து விழுந்து 9 பேர் போனார்கள். ஊறிய மண்சுவர், சாய்ந்த காம்பவுண்டு, விரல் நுழையும் விரிசல் இவற்றை ஐப்பசிக்கு முன்பே பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கம் கட்டிலைப் போடாதீர்கள். பொன்னையாற்றங்கரையில் இருப்பவர்கள் இங்கே வெயில் அடிக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். ஆறு வருவதே சித்தூர் பக்கமிருந்து, அங்கே மழை கொட்டினால் போதும். எந்தச் சொந்தக்காரர் வீட்டு மாடிக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி மெயினை அணைத்துப் பார்த்தோம். அப்பா ஒரு நிமிடத்துக்குள் மாத்திரையோடு நின்றார். டார்ச்சை மட்டும் காணோம். சாயந்தரம் புதரில் பந்து தேட என் பையன் எடுத்துப் போயிருக்கிறான்.