மஹிந்திரா தாருக்கு ஆன்லைனில் டயர்: நாலையும் சேர்த்து மாற்றியதும் தீர்ந்த கியர் இறுக்கம்

பின்னால் மட்டும் புது டயர் போட்ட மஹிந்திரா தாரில், 4ஹெச்சிலிருந்து (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) 2ஹெச்சுக்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) லீவர் வர மறுத்தது. கியர்பாக்ஸில் கோளாறு இல்லை. 4ஹெச்சில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்கள் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். புது டயரில் பட்டன் (தரையைத் தொடும் வரிகளின் ஆழம்) 10 மி.மீ., தேய்ந்ததில் 4 என்றால் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம். ஒரு கிலோமீட்டருக்குத் தேய்ந்த டயர் ஏறக்குறைய ஆறு சுற்று கூடுதலாகச் சுற்றும். மண்ணில் அது சறுக்கிச் சமாளித்துவிடும். தார்ச் சாலையில் முறுக்கு ஏறிப் பல் இறுகும். நாலும் ஒரே பிராண்ட், ஒரே மாடலாக வாங்கியதும் சரியானது.

2020க்குப் பிந்தைய தாரில் 18 அங்குல வீலுக்கு 255/65 ஆர்18, 16 அங்குலத்துக்கு 245/75 ஆர்16. ஆன்லைன் தளத்தில் வண்டிப் பெயரை வைத்துத் தேடாமல் டயரின் பக்கச்சுவரில் இருக்கும் அளவை அப்படியே அடியுங்கள். 18 அங்குல வீலில் 255/65க்குப் பதில் 265/65 போட்டால் விட்டம் 13 மி.மீ. கூடும், ஸ்பீடோமீட்டர் 98 காட்டும்போது நிஜ வேகம் ஏறக்குறைய 100. லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. எல்டி வகைக்கு (லைட் டிரக் டயர்) கூடுதல் காற்று வேண்டும், காலி வண்டி குதிக்கும். ஊருக்குள் ஓட்ட அது வீண் செலவு.

பார்சலைப் பிரித்ததும் பக்கச்சுவரில் உள்ள டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், அது தயாரித்த தேதி: 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம். ஆறு மாதத்துக்கு மேல் பழசு என்றால் மாட்டாமல் திருப்புங்கள்; ரிம்மில் ஏற்றிய டயரைப் பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள். வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் விலையில் அடங்குமா என்று முன்பே கேளுங்கள். காற்றழுத்த சென்சார் இருந்தால் கழற்றுமுன் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பீடை (ரிம்மைப் பிடிக்கும் டயர் விளிம்பு) ரிம்மிலிருந்து விடுவிக்கும்போது சென்சார் நொறுங்கலாம்.