வழக்கு தெரிந்தும் வாக்கு ஏன் மாறவில்லை? தொகுதிக்குள் இறங்கி விசாரிக்கும் முறை

குற்ற வழக்கு உள்ள ஒருவர் திரும்பத் திரும்ப ஜெயித்தால், "ஜனங்களுக்கு விவரம் பத்தாது" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். பெரும்பாலும் அது தவறான முடிவு. 2024-ல் மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் 251 பேர் தங்கள் மீது வழக்கு இருப்பதைத் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். 2009-ல் அந்த எண்ணிக்கை 162. ஜெயலலிதா 2014 செப்டம்பரில் சொத்துக்குவிப்பு வழக்கில் தண்டனை பெற்றது நாடே அறிந்த செய்தி. 2015 மே மாதம் மேல்முறையீட்டில் விடுதலை, ஜூனில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசம். அங்கே வாக்களித்தவர்கள் வழக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அல்ல. தெரிந்தும் ஏன் போட்டார்கள் என்பதற்குத் தெருவுக்குத் தெரு பதில் மாறும். அதனால் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

போவதற்கு முன் வழக்குகளைப் படியுங்கள். வேட்பாளரின் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, தேர்தல் ஆணைய இணையதளத்திலும் அதன் வேட்பாளர் விவரச் செயலியிலும் கிடைக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் எஃப்ஐஆர் எண், காவல் நிலையம், நீதிமன்றம், சட்டப்பிரிவு, குற்றச்சாட்டு வனையப்பட்டதா, எந்தத் தேதியில் என்று தனித்தனியாக இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறியல், தடையை மீறிய ஆர்ப்பாட்டம். 302 (கொலை), 307 (கொலை முயற்சி), 420 (மோசடி) வேறு ரகம். இங்கே ஒரு சறுக்கல் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா எண்களே வரும்: கொலை 103, கொலை முயற்சி 109, மோசடி 318. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. சட்டத்தின் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால், பேசியதற்காக வழக்கு வாங்கியவரைக் கொலை வழக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

கூடவே கட்சி வெளியிட்ட சி-7 படிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று, தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் கட்சி அதில் சொல்ல வேண்டும். வெற்றி வாய்ப்பை மட்டும் காரணமாகக் காட்டக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 2020-ல் இட்ட உத்தரவு. கட்சி அதில் எழுதியதும் வாக்காளர் சொல்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பிறகு ஒப்பிடலாம்.

அடுத்து, சென்ற தேர்தலின் படிவம் 20. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். வழக்குள்ள அந்த வேட்பாளர் அள்ளிய சாவடி மூன்று, இழுபறியான சாவடி மூன்று, தோற்ற சாவடி இரண்டு, சாவடிக்கு ஐந்து பேர், மொத்தம் நாற்பது பேர். இதை வைத்துச் சதவீதம் போடாதீர்கள்; நாற்பது பேர் காரணங்களைத்தான் காட்டுவார்கள், கணக்கைக் காட்ட மாட்டார்கள். ஒரே தெருவில் முடித்துவிட்டால் ஒரே சாதியின் பதிலோடு திரும்புவீர்கள். டீக்கடையில் கேட்டால், பக்கத்தில் இருப்பவருக்காகப் பதில் சொல்வார்கள். திண்ணையில் தனியாக இருக்கும்போது கேளுங்கள், கட்சிக்காரர் யாரும் உடன் வர வேண்டாம்.

"கேஸ் இருக்கே, அப்புறம் ஏன் போட்டீங்க?" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. அது குற்றம் சாட்டுகிற கேள்வி. அவரைக் காப்பாற்றத்தான் பேசுவார்கள். "போன வருஷம் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ்ல வேலை ஆகணும்னா யாருகிட்ட போனீங்க?" என்று தொடங்குங்கள். வழக்கைக் கடைசியில் கொண்டுவாருங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று வற்புறுத்தாதீர்கள், அது அவர்கள் ரகசியம். வாக்குப்பதிவு நாட்களில் இந்த வேலையே வேண்டாம்; தேர்தல் ஆணையம் தடை என்று அறிவித்த நேரத்தில் வாக்குக்குப் பிந்தைய கணிப்பு நடத்தினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 126ஏ-யின்படி இரண்டு ஆண்டு வரை சிறை.

கிடைக்கும் பதில்களில் மிக ஆழமானது "நமக்காக நின்னாரு" என்பதுதான். அதைப் புரிந்துகொள்ள, காலை ஏழு மணிக்கு அந்த வேட்பாளர் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். உதவித்தொகை நின்றுபோன பாட்டி, பட்டா மாறுதலுக்கு அலைகிறவர், "பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கய்யா" என்று ஓடிவரும் தாய். அவர் இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் போடுகிறார். பையன் மதியம் வீட்டுக்கு வந்துவிட்டால், அந்தத் தாய்க்கு அவர் மீதுள்ள 307 வழக்கு, ஸ்டேஷனுக்கு அஞ்சாத மனிதர் என்பதற்கு அத்தாட்சி. நியாயமாக நடக்க வேண்டிய அலுவலகம் நடக்காத இடத்தில் இந்த விசுவாசம் முளைக்கிறது. அதைக் கேவலமாகப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை.

"அரசியல் வழக்கு" என்பார்கள். கையிலிருக்கும் பட்டியலைப் பாருங்கள். 143, 188 என்றால் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். 420 என்றால், "புகார் கொடுத்தது நம்ம ஊர்க்காரராமே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "தீர்ப்பு வரட்டும்" என்பதும் சட்டப்படி சரியான நிலைதான். பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வந்தால்தான் பதவி பறிபோகும், வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கும். "இவர் மட்டுமா?" என்பவர் நம்பிக்கை இழந்தவர்; "நம்ம ஆளு" என்பவர், வழக்கைத் தன் சாதிக்கோ கட்சிக்கோ நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டவர். இவரிடம் வழக்கைப் பற்றிப் பேசப் பேசப் பிடி இறுகும்.

கடைசிக் கேள்வி: "என்ன நடந்தா இவருக்குப் போட மாட்டீங்க?" பலர் யோசிப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். "ஸ்டேஷனுக்கு நேரா போனாலே வேலை நடந்துச்சுன்னா" என்பது போன்ற பதில் வந்தால் அவர் வார்த்தையிலேயே எழுதி, எந்த அலுவலகம் என்று பக்கத்தில் குறியுங்கள். நாற்பது தாளில் ஒரே காவல் நிலையம் பதினைந்து முறை வந்திருந்தால், அடுத்து விசாரிக்கப் போக வேண்டியது அந்த நிலையத்தை.